கீழே வைக்காத ஐந்து சீட்டு

மயில் தோகையை உதறும் சத்தத்தைப் பக்கத்திலிருந்து கேட்டிருக்கிறீர்களா? காய்ந்த பனையோலையில் தூறல் விழுகிற மாதிரி சரசரவென்று ஓடிச் சட்டென்று நிற்கும். புதுச் சீட்டுக்கட்டை இரண்டாகப் பிரித்து ஒன்றுக்குள் ஒன்று கலைக்கும்போதும் அதே சத்தம்தான். விராலிமலையில் என் சகலை வீட்டு மொட்டை மாடியில் மயில் வந்து உதறினால், கீழே இருக்கும் எங்கள் நான்கு பேருக்கும் கை ஊறும். இப்போதெல்லாம் கை ஊறுவதற்கு முன்னால் என் கண் சகலையின் இடது கையைத் தேடிப் போகிறது.

போன வருஷம் ஆவணி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், அந்த வீட்டில் ஒரு மனிதரைக் கண்ணெதிரே பறிகொடுக்கப் பார்த்தோம். அவரைத் திருப்பிக் கொடுத்தது சீட்டாட்டம். சீட்டால் கெட்ட குடும்பங்களைப் பற்றி நிறையக் கேள்விப்பட்டிருப்பீர்கள். சீட்டால் பிழைத்த குடும்பம் எங்களுடையது.

சகலை என்றால் என் மனைவியின் அக்காள் கணவர். எட்டு வருஷம் மஸ்கட்டில் கிரேன் ஓட்டிவிட்டு வந்து, நாலுவழிச் சாலை ஓரமாக டயர் கடை வைத்திருக்கிறார். ஐம்பதைத் தாண்டியும் லாரி டயரைத் தனியாளாக உருட்டிவந்து சுவரில் சாய்ப்பார். அங்கே கேம்ப்பில் நாலாவது ஆள் கிடைக்காமல் தவித்த மூன்று பேர் இவரை இழுத்து உட்காரவைத்துப் பிரிட்ஜ் சொல்லிக்கொடுத்தார்களாம். ஊர் திரும்புகிறவர்கள் கம்பளிப் போர்வையும் டார்ச் லைட்டும் கொண்டுவருவார்கள். இவர் கொண்டுவந்தது ஓர் ஆட்டத்தை.

நான் உர வியாபாரத்துக்காக மாவட்டம் முழுக்க அலைகிறவன். காலையில் அன்னவாசலில் இருந்தால் சாயங்காலம் ஆவுடையார்கோவிலில் இருப்பேன். ஒரு நாற்காலியில் அரைமணி நேரம் உட்கார்ந்தால் என் கால் தானாக ஆடத் தொடங்கிவிடும். அப்படிப்பட்ட என்னை ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரே இடத்தில் கட்டிப்போட்டது இந்த ஆட்டம் ஒன்றுதான். புதுக்கோட்டையிலிருந்து நானும் மனைவியும் காலையிலேயே கிளம்பிப் போய்விடுவோம். ஒரு பக்கம் சகலைகள் இருவர், எதிர்ப்பக்கம் அக்காளும் தங்கையும். தோற்ற ஜோடி அடுத்த ஞாயிறு மீன் கழுவ வேண்டும் என்பது வீட்டுச் சட்டம். அந்த வருஷம் முழுக்க மீன் கழுவியது யார் என்று நான் சொல்லத் தேவையில்லை. எங்கள் கை அப்படி நாறியது.

பிரிட்ஜ் தெரியாதவர்களுக்கு இரண்டே விஷயம் சொல்லிவிடுகிறேன். எதிரெதிரே உட்காருகிறவர்கள் ஒரு ஜோடி. ஆளுக்குப் பதின்மூன்று சீட்டு. ஆடத் தொடங்குவதற்கு முன்னால் கேள்வி, அதாவது ஏலம், உண்டு, நம் ஊர் ஆட்டங்களில் கேட்கிற மாதிரியே. ஆட்டின், டைமன், கிளாவர், இஸ்பேட் என்ற நாலு ஜாதியில் ஒன்றைத் துருப்பாகச் சொல்லி, ‘ஒரு ஆட்டின்’, ‘ரெண்டு டைமன்’ என்று வரிசையாக ஏற்றிக் கேட்டுக்கொண்டு போக வேண்டும். கை சரியில்லை என்றால் ‘பாஸ்’. இந்த நாலைந்து சொல்லை வைத்துத்தான் தன் கையில் என்ன இருக்கிறது என்பதைக் கூட்டாளிக்கு உணர்த்த வேண்டும். கண்ணைச் சிமிட்டக் கூடாது, இருமக் கூடாது, பெருமூச்சு விடக் கூடாது. கூட்டாளியின் சொல்லை நம்புவதைத் தவிர வேறு வழி கிடையாது.

இரண்டாவது விஷயம், டம்மி. கேள்வியில் ஜெயித்தவர் ஆடுவார். அவருடைய கூட்டாளி, தன் பதின்மூன்று சீட்டையும் எல்லோரும் பார்க்க மேசையில் விரித்து வைத்துவிட்டுச் சும்மா இருக்க வேண்டும். அவர்தான் டம்மி. அந்த ஆட்டம் முடியும்வரை அவருக்கு வாய் கிடையாது. யோசனை சொல்லக் கூடாது, முகம் சுளிக்கக் கூடாது. இந்தச் சட்டத்தில் சகலை மகா கறார். மதினி, அதாவது அவருடைய மனைவி, டம்மியாக இருந்துகொண்டு ஒருமுறை “அச்சச்சோ” என்று சொன்னதற்காக அந்த ஆட்டத்தையே கலைத்தவர்.

அந்த ஞாயிறுக்கு முந்தின வாரம் எனக்கும் அவருக்கும் பெரிய சண்டை. கையில் ஒன்றுமே இல்லாமல், எதிராளியை மிரட்டுவதற்காக ஏகத்துக்கும் கேட்டுவைத்தார். அதை நம்பி நான் மேலே ஏறி, தலைகுப்புற விழுந்தேன். அக்காளும் தங்கையும் சிரித்த சிரிப்பு தேசிய நெடுஞ்சாலைக்கே கேட்டிருக்கும். நான் காபி குடிக்காமல் கிளம்பிவிட்டேன். அடுத்த வாரம் போய் இறங்கினால், கேட்டிலேயே நின்றுகொண்டிருந்தார். வாசலில் நின்று பார்த்தால் மலை தெரியும். மலையைப் பார்த்துக் கையைத் தூக்கினார்.

“முருகன் மேல சத்தியமாச் சொல்றேன் சகல. இனிமே கேள்வில ஒன்கிட்ட பொய் சொல்ல மாட்டேன். அவளுகள ஏமாத்துறேன்னு ஒன்னைய ஏமாத்துனது தப்பு. உள்ள வா, காபி ஆறுது.”

நெஞ்சு குளிர்ந்துவிட்டது. அன்று காலை ஆட்டமும் அப்படித்தான் போனது. சாப்பாட்டுக்கு முன்னால் கடைசி ஆட்டத்தை அவர்தான் ஆடினார். மூன்று சீட்டு மிச்சம் இருக்கும்போது கண்ணை மூடிக்கொண்டு, “ஒம்போது டைமன் இவகிட்டதான் இருக்கு. இன்னும் எறக்கல, ஒளிச்சு வச்சிருக்கா” என்றார். மதினி முகத்தில் ஈயாடவில்லை. ஒன்பது டைமனை மேசையில் விட்டெறிந்துவிட்டுக் குக்கரை இறக்கப் போனார்.

ஞாயிறு என்றால் அந்த வீட்டில் வாழையிலைதான். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சகலை, “ஊறுகா வைக்கலயா?” என்று கேட்டார். மதினி கரண்டியோடு வந்து பார்த்தார்.

“எலையிலதான இருக்கு. கண்ணு என்ன மச்சுல இருக்கா?”

ஊறுகாயும் உப்பும் எப்போதும் வைக்கிற இடத்தில், இலையின் இடது மூலையில்தான் இருந்தன. சகலை “அட” என்றார். ஆனால் தொடவில்லை. சாப்பிட்டு எழுந்தபோது பார்த்தால், இலையின் வலது பாதி துடைத்துவைத்த மாதிரி இருந்தது. இடது பாதியில் சோறும் பொரியலும் வறுத்த மீனும் வைத்தது வைத்தபடி.

என் மனைவிக்கு வாய் சும்மா இருக்குமா? “பாத்தியாக்கா, மச்சான் ஒனக்குன்னு பாதி எலைய மிச்சம் வச்சிட்டுப் போறாரு. இந்த வயசுல வந்த ஆசையப் பாரு!”

“போடி” என்று மதினி வெட்கப்பட்டார். வெட்கப்பட்டுக்கொண்டே அந்த இலையில் உட்கார்ந்து, அந்த மீனைச் சாப்பிட்டார். நாங்கள் எல்லோரும் சிரித்தோம். கையலம்பிவிட்டு வந்த சகலை கதவு நிலையில் இடது தோளை நன்றாக இடித்துக்கொண்டார். அதற்கும் சிரித்தோம். பின்னால் எத்தனையோ தடவை அந்தச் சிரிப்பை நினைத்துப் பார்த்திருக்கிறேன். ஆபத்து அந்த வீட்டுக்குள் வந்து, எங்கள் நடுவில் உட்கார்ந்து, எங்களோடு சேர்ந்து சிரித்திருக்கிறது.

மறுபடி சீட்டு போட்டோம். நானும் சகலையும் எதிரெதிரே. எனக்கு இடப்பக்கம் மதினி. வலப்பக்கம் என் மனைவி. அதாவது சகலைக்கு அவள் இடப்பக்கம். இதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு வந்த கை இருக்கிறதே, அப்படி ஒரு கை அந்த மாதத்தில் வந்ததில்லை. ஆறு ஆட்டின், மற்ற ஜாதிகளில் இரண்டு ஆஸ். காலைக் கீழே அழுத்திவைத்துக்கொண்டு, குரலைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு, “ஒரு ஆட்டின்” என்றேன். மதினி “பாஸ்” என்றார். சகலையிடம் கொஞ்சம் சரக்கு இருந்தால் போதும், மேலே போய்விடலாம். அவர் தன் சீட்டையே வெகுநேரம் பார்த்தார். அப்புறம் நிம்மதியாகச் சொன்னார்:

“பாஸ்.”

சப்பென்று போய்விட்டது. பாஸ் என்றால் கையில் ஒன்றுமே இல்லை என்று அர்த்தம். சரி, சத்தியம் செய்த மனிதர், இல்லாததை இல்லை என்கிறார் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். என் மனைவியும் “பாஸ்” என்றாள். சகலை சீட்டை வைத்துக்கொண்டு இன்னும் காத்திருந்தார்.

“யாரு இன்னும் சொல்லல?” என்றார்.

“நான் சொல்லிட்டேன் மச்சான். ஒங்க பக்கத்துல ஒக்காந்திருக்கேன், ஆவியாவா திரியுறேன்?”

மதினி முதல் சீட்டை இறக்கினார். இனிமேல் சகலை டம்மி. அவர் ஒவ்வொன்றாக மேசையில் அடுக்கினார். மூன்று ஆட்டின், மூன்று டைமன், இரண்டு கிளாவர். அடுக்கிவிட்டு வலது கையால் மீசையைத் தடவிக்கொண்டு பின்னால் சாய்ந்தார்.

“இஸ்பேட் எங்க?” என்றேன்.

“இல்ல சகல. ஒண்ணுகூட இல்ல. அதான் பாஸ் சொன்னேன்.”

“எட்டுச் சீட்டுதான் இருக்கு மச்சான்” என்றாள் என் மனைவி. எங்கள் நான்கு பேரில் சீட்டு எண்ணுவதில் அவள்தான் புலி.

“எனக்கு வந்தது அம்புட்டுத்தான். போட்டது யாரு, ஒன் புருசன்தான, அவனக் கேளு.”

அப்போதுதான் பார்த்தேன். அவருடைய இடது கை மேசைக்குக் கீழே இல்லை. மேலேதான் இருந்தது. விரல்களுக்கு நடுவே ஐந்து சீட்டு, மடங்கிய விசிறி மாதிரி நின்றுகொண்டிருந்தது. என் மனைவி அந்த விரல்களை மெல்லப் பிரித்துச் சீட்டுகளை எடுத்தாள். ஐந்தும் இஸ்பேட். முதலில் ஆஸ். அடுத்தது ராஜா.

எனக்கு ரத்தம் தலைக்கேறியது. மதினி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “என்னா நடிப்பு! ஒண்ணுகூட இல்லையாம்ல!” நான் என் சீட்டை மேசையில் எறிந்தேன். “காலையிலதான சத்தியம் பண்ணீங்க? மலையப் பாத்துப் பண்ணீங்க?”

சகலை என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் குறும்பு இல்லை. மாட்டிக்கொண்டவன் முழி இல்லை. செய்யாத குற்றத்துக்கு அடி வாங்கியவனின் பார்வை அது.

“நான் எங்க பொய் சொன்னேன்?” என்றார்.

என் மனைவி சிரிக்கவில்லை. அவள் அந்த ஐந்து இஸ்பேட்டையும் மேசையிலேயே, மற்ற எட்டுச் சீட்டுக்குப் பக்கத்தில், அவருடைய இடப்பக்கமாக விரித்துவைத்தாள். 

“மச்சான், இப்ப மொத்தம் எத்தன இருக்கு? எண்ணுங்க.”

விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினார். “எட்டு.”

அந்த ஐந்தையும் எடுத்து வலப்பக்கம் மாற்றிவைத்தாள். “இப்ப?”

அவர் திடுக்கிட்டுக் குனிந்தார். “இது எங்கேருந்து வந்துச்சு? இஸ்பேட் ஆஸு யாருது?”

மாடியில் மயில் ஒன்று அகவியது. என் மனைவியின் குரல் தணிந்து வந்தது. “அக்கா, சிரிக்காத. மச்சான் வெளையாடல.”

ஒரு நொடியில் எல்லாம் வந்து வரிசையாக உட்கார்ந்தது. ஊறுகாய். பாதி இலை. கதவு நிலை. இடப்பக்கம் உட்கார்ந்து ‘பாஸ்’ சொன்னவள் குரல் அவர் காதில் விழாதது. இஸ்பேட்டை அவர் எப்போதும் கையில் இடது ஓரத்தில்தான் அடுக்குவார். கேள்வியில் அவர் பொய் சொல்லவில்லை. தன் கண்ணுக்குத் தெரிந்த எட்டுச் சீட்டை வைத்து, சத்தியத்துக்குக் கட்டுப்பட்டு, உண்மையாகத்தான் பாஸ் சொல்லியிருக்கிறார். உலகத்தில் பாதி அவருக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்பதும் தெரியவில்லை.

எங்களில் யாருக்கும் வைத்தியம் தெரியாது. வாய் கோணவில்லை, பேச்சு குழறவில்லை. பக்கவாதம் என்றால் அப்படித்தான் வரும் என்று நினைத்திருந்தோம். மதினி, “பித்தமா இருக்கும், எலுமிச்சம்பழம் புழிஞ்சு தாரேன், செத்த படுக்கட்டும்” என்றார். நானும்கூட, பக்கத்துத் தெரு டாக்டர் ஞாயிற்றுக்கிழமை இருக்கமாட்டார், விடிந்ததும் காட்டலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். என் மனைவிதான் கார்ச் சாவியை என் கையில் திணித்தாள். “பித்தத்துல அஞ்சு சீட்டு காணாமப் போகுமா? தலையில என்னமோ ஆகியிருக்கு. திருச்சிக்கு விடுங்க.”

ஆனால் அவர் எழுந்திருக்க வேண்டுமே!

“எனக்கு என்ன கேடு? குத்துக்கல்லாட்டம் ஒக்காந்திருக்கேன்” என்றார். “தோக்கப் போறோம்னு தெரிஞ்சதும் ஆஸ்பத்திரிங்கிறாளுக. ஆட்டத்தப் பாதில விட்டுட்டு நான் எந்திரிச்சதா சரித்திரமே கிடையாது. சகல, நீ சீட்ட எடு.”

கெஞ்சினேன். கையைப் பிடித்து இழுத்தேன். கிரேன் ஓட்டிய உடம்பு, அசையவில்லை. கோபம் வேறு ஏறியது அவருக்கு. முகம் சிவந்ததைப் பார்த்து எனக்குப் பயம் இன்னும் கூடியது. வாக்குவாதத்திலேயே நேரம் கரைந்துகொண்டிருந்தது.

மதினி கண்ணைத் துடைத்துக்கொண்டார். எழுந்து நின்றார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் சகலையிடம் அப்படி ஒரு குரலில் மதினி பேசி நான் கேட்டதில்லை.

“இந்தாங்க. இந்த ஆட்டத்துல நீங்க யாரு?”

“டம்மி.”

“டம்மிக்கு வாய் உண்டா?”

அவர் மேசையில் விரித்திருந்த தன் சீட்டைப் பார்த்தார்.

“யோசன சொல்லலாமா? மொகத்தச் சுளிக்கலாமா? நீங்க சொல்லிக்குடுத்த சட்டந்தான? அன்னைக்கி நான் அச்சச்சோன்னதுக்கு ஆட்டத்தக் கலச்சீங்கல்ல? இப்ப ஆடுறது தம்பி. டம்மி சும்மா வரணும். எந்திரிங்க.”

நம்பமாட்டீர்கள். அவர் வாயை மூடிக்கொண்டார். உதட்டை இறுக்கி, எழுந்து, நடந்தார். வாசலில் வலது காலில் மட்டும் செருப்பை மாட்டிக்கொண்டு, இடது காலை வெறுமனே தரையில் வைத்துக் காருக்கு வந்தார். அதைப் பார்த்ததும்தான் மதினி சேலைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டார்.

அவர் எனக்கு இடப்பக்கம், முன் சீட்டில். பெண்கள் இருவரும் பின்னால். நாலுவழிச் சாலையில் நான் வாழ்க்கையில் போகாத வேகத்தில் போனேன். யாருடன் காரில் போனாலும் இடப்பக்கம் பார்த்துச் சொல்லுவது அவர் பழக்கம். டம்மிக்கு வாய் கிடையாது என்றாலும், பழக்கம் விடவில்லை. எங்களுக்கு முன்னால் வலப்பக்க லேனில் ஒரு டிராக்டர் நகர்ந்துகொண்டிருந்தது. நான் இடது பக்கம் ஒடிக்கப் போனேன்.

“லெஃப்ட்ல ஒண்ணுமில்ல சகல, ஏறு” என்றார்.

இருபது வருஷமாக அந்தச் சொல்லை நம்பித்தான் அவரோடு வண்டி ஓட்டியிருக்கிறேன். கை ஸ்டியரிங்கைத் திருப்பத் தொடங்கிவிட்டது. பின்னாலிருந்து என் மனைவி, “மச்சான் பேச்சக் கேக்காதீங்க!” என்று கத்தினாள். திரும்பிப் பார்த்தால், அவருடைய கதவை ஒட்டி ஒரு டேங்கர் லாரி. அதன் சக்கரம் எங்கள் ஜன்னல் உயரத்துக்கு இருந்தது. பிரேக்கை மிதித்து ஸ்டியரிங்கை நேராக்கினேன். டயர் கடைக்காரர், அத்தனை பெரிய டயர் தன் தோளுக்குப் பக்கத்தில் சுழல்வதைப் பார்க்காமல், நேராகச் சாலையைப் பார்த்துக்கொண்டு அமைதியாக உட்கார்ந்திருந்தார்.

ஆஸ்பத்திரியில் டியூட்டியில் இருந்தது ஒரு இளம் பெண் டாக்டர். நடந்ததைச் சொன்னோம். சீட்டு என்றதும் முகம் சுளிப்பார் என்று பயந்தேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கவனமாகக் கேட்டார். பிறகு ஒரே ஒரு கேள்வியை அழுத்திக் கேட்டார். “இவர் கடைசியா முழுசா நல்லா இருந்தது எப்போ? உறுதியாச் சொல்லணும். அதை வெச்சுத்தான் ஊசி போடலாமா வேண்டாமான்னு முடிவு.”

பொதுவாக இந்தக் கேள்விக்கு யாரும் என்ன சொல்லுவார்கள்? காலையில் நன்றாகத்தான் இருந்தார், மத்தியானம்கூடச் சாப்பிட்டார் என்பார்கள். எங்களிடம் சாட்சி இருந்தது. சாப்பாட்டுக்கு முந்தின ஆட்டத்தில், இறங்காத ஒன்பது டைமன் எங்கே இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொன்னவர். மதினி சொன்னார்: “அதச் சொல்லும்போது குக்கர் கடைசி விசில் அடிச்சுச்சு. அடுப்ப அமத்தப் போனேன், மணி பாத்தேன்.” அந்த விசில் எங்கள் இருவர் காதிலும் விழுந்திருந்தது; மூன்று பேரும் ஒரே நேரத்தைச் சொன்னோம். டாக்டர் தலையாட்டிவிட்டு எழுந்து ஓடினார்.

ஸ்கேனில் தெரிந்தது. மூளையின் வலப்பக்கத்தில் ஒரு ரத்தக் குழாய் அடைத்திருக்கிறது. வலப்பக்க மூளை அடிபட்டால், இடப்பக்கம் என்று ஒன்று இருப்பதையே மனிதன் மறந்துவிடுவானாம். வலிக்காது, தெரியாது, அதனால் நேரத்துக்கு ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்வதும் குறைவாம். அடைப்பைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டுமாம்; அதற்கு இன்னும் நேரம் இருந்தது. இருந்தது, அவ்வளவுதான், அதிகம் இல்லை.

வராந்தாவில் காத்திருந்தோம். என் கால் ஆடவே இல்லை என்பது வெகுநேரம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது. அக்காளும் தங்கையும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மதினி மெதுவாக, “அந்த மீன நான் சாப்புட்டேன்டி” என்றார். “அவரு எனக்குன்னு வச்சதா நெனச்சுச் சாப்புட்டேன்.” என் மனைவி அக்காளின் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

வெளியே வெயில் தாழ்ந்து, கட்டில் தள்ளுகிறவர்கள் ஷிஃப்ட் மாறுகிற நேரத்தில் டாக்டர் வந்தார். முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. “இடது கையை அசைக்கிறார். நீங்க நின்ன பக்கம் திரும்பிப் பாக்குறார். இன்னும் கொஞ்ச நேரம் விட்டிருந்தீங்கன்னா நான் இப்படிச் சிரிச்சுக்கிட்டு வந்திருக்க மாட்டேன்.” மழைக்கு முன்னால் புழுங்கிப் புழுங்கி, முதல் காற்று வந்து முகத்தில் அடிக்கும்போது வருமே ஒரு மூச்சு, அதை அந்த வராந்தாவில் நாங்கள் மூன்று பேரும் ஒன்றாக விட்டோம்.

ஒரே நாளில் எல்லாம் சரியாகிவிடவில்லை. வீட்டுக்கு வந்த பிறகும் இடது ஓரம் அடிக்கடி நழுவியது. சட்டையில் ஒரு கை மட்டும் போட்டுக்கொண்டு வருவார். பயிற்சி கொடுத்தவர் ஒரு வழி சொன்னார்: இடது ஓரத்தில் பளிச்சென்று எதையாவது வையுங்கள், அது கண்ணில் படும்வரை தலையைத் திருப்பச் சொல்லுங்கள். மதினி பழைய சிவப்பு ஜாக்கெட் துணியைக் கிழித்து மேசையின் இடது காலில் கட்டினார், நிலைக்கதவில் கட்டினார், கடையில் கல்லாப்பெட்டிப் பக்கம் கட்டினார். அவர் சாப்பிடும்போது, “செவப்பு தெரியுதா?” என்று கேட்பார். தெரிகிறவரை ஊறுகாய் கிடையாது.

தை பிறந்து முதல் ஞாயிறு. நாங்கள் போனபோது மேசை போட்டு வைத்திருந்தார்கள். மதினி சாமி அலமாரியைத் திறந்தார். முருகன் படத்துக்குப் பக்கத்தில், ரப்பர் பேண்டு போட்ட நான்கு சின்னக் கட்டுகள். அன்றைக்கு ஆஸ்பத்திரியிலிருந்து மாற்றுத்துணி எடுக்க வந்தபோது, மேசையில் கிடந்த சீட்டு கிடந்தபடியே இருந்ததாம். கலைக்க மனசு வரவில்லை. அவரவர் கையை அவரவர் பெயருக்குக் கட்டி வைத்துவிட்டார்.

“சாமி அலமாரியில சீட்டுக்கட்டா?” என்றேன்.

“அதுவுந்தான தம்பி காப்பாத்துச்சு?” என்றார்.

யாருக்கும் யாருடைய சீட்டும் நினைவில்லை என்று நான்கு பேரும் சத்தியம் செய்தோம். எனக்கு மட்டும் எல்லாம் நினைவிருந்தது. அதே இடத்தில் உட்கார்ந்தோம். அதே ஆறு ஆட்டின். “ஒரு ஆட்டின்” என்றேன். மதினி “பாஸ்” என்றார்.

சகலை சீட்டை விசிறியாக விரித்தார். இடது கை கொஞ்சம் நடுங்கியது. தலையை மெல்ல மெல்ல இடப்பக்கம் திருப்பினார். மேசைக்காலில் கட்டிய சிவப்பு தெரிகிறவரைக்கும் திருப்பினார். அங்கே என் மனைவி உட்கார்ந்திருந்தாள். அவளைப் பார்த்துச் சிரித்தார். பிறகு தன் கையைப் பார்த்தார், ஓரத்திலிருந்து ஓரம்வரை.

“ஒரு... இஸ்பேட்” என்றார்.

மதினி எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார். தண்ணீர் குடிக்க என்றார். திரும்பி வந்தபோது முகம் கழுவியிருந்தார். கேள்வி ஏறி ஏறி நாலு ஆட்டினில் போய் நின்றது. ஆறுக்கு மேல் நாலு, அதாவது பத்துப் பிடி நான் எடுத்தாக வேண்டும். சகலை டம்மியாகி, பதின்மூன்று சீட்டையும் கீழே வைத்தார். ஒன்றும் மிச்சமில்லாத தன் இடது உள்ளங்கையை எல்லோருக்கும் விரித்துக் காட்டினார்.

என்ன செய்ய? அந்த உள்ளங்கையைப் பார்த்த பிறகு எனக்குச் சீட்டு எங்கே தெரிந்தது! வெளியே இன்னும் ஒரு ஆட்டின் இருப்பதை மறந்துவிட்டு, அவருடைய அழகான இஸ்பேட்டுகளை வரிசையாக இறக்கினேன். மதினி அந்த ஒற்றை ஆட்டினால் வெட்டினார். ஒரு பிடியில் தோற்றோம். டம்மியாக இருந்த மனிதர் முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை, சட்டம் சட்டம்தான்.

நம்மைச் சேர்ந்த ஒருவர் திடீரென்று தன் இயல்புக்கு மாறாக ஒன்றைச் சொன்னால், செய்தால், இப்போதெல்லாம் நான் முதலில் கோபப்படுவதில்லை. அவர் கண்ணுக்கு எத்தனை சீட்டு தெரிகிறது என்று யோசிக்கிறேன்.

பொழுது சாயக் கிளம்பினோம். சகலை கேட் வரைக்கும் வந்தார், இரண்டு காலிலும் செருப்போடு. நான் காரைப் பின்னால் எடுக்கும்போது இடது பக்கம், வலது பக்கம் இரண்டையும் பார்த்துக் கையைக் காட்டினார். அப்புறம் ஜன்னலில் குனிந்து, அதுவரை அடக்கிவைத்திருந்ததைச் சொன்னார்:

“நான் கேள்வி சரியாத்தான் சொன்னேன் சகல. ஆடத் தெரியாத ஒனக்குத்தான் வைத்தியம் பாக்கணும். வர்ற ஞாயித்துக்கெழம வெரசா வந்துரு, மீனு கழுவணும்.”